குளவி இல்லாத குளவிக் கதை

கதை எழுதுகிறவனுக்குத் தன் கதை நன்றாக வந்ததா, இல்லையா என்பது கடைசிவரை விளங்குவதில்லை. எனக்கு விளங்காமல் போனது ஒரு குளவியால். அந்தக் குளவியும் கிடையாது.

சிறுவர் கதை எழுதும் ஆசையில் பதுளையில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனேன். "கண்ணால் கண்டதை மட்டும் எழுதாதீர்கள். காது, மூக்கு, நாக்கு, தோல் எல்லாவற்றுக்கும் வேலை கொடுங்கள்" என்றார் ஆசிரியர். நாக்குக்கு என்ன வேலை கொடுப்பது? வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தேன்.

"ஏங்க, இப்பதானே சோறு போட்டேன்?" என்றாள் மனைவி செல்வி. (நியாயமான கேள்விதான்.)

குளவிக் கூட்டுப் பக்கம் வழிதவறிப் போன அணிலைப் பற்றி ஒரு கதை எழுதினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அதை வாசிக்க அனுமதி கேட்டேன். அங்கிருந்த லீலா டீச்சர் கறாராகச் சொன்னார்:

"புள்ளைக அழாம கேட்டா மாசாமாசம் வாங்க. அழுதா இதோட சரி."

வாசித்தேன். கதையில் ஈரத் தேயிலையின் வாசம் வந்தது. அணிலின் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. அடுத்து காதுக்கு வேலை கொடுத்தேன்.

"ஙொய்ய்ய்ங்ங்ங்!"

முன்னால் இருந்த ரஞ்சினி தன் கழுத்தைத் தட்டிக்கொண்டு அலறினாள்: "குளவீ!"

அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்வதென்று எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தனை பேரும் தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுத்தார்கள். மேலே மலையில் இருந்த பெண்களோ கூடைகளை வீசிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்க ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் செல்வி. பின்னால் மூச்சிரைக்கக் கங்காணி.

"எங்கப்பா கூடு?"

தாளைக் காட்டினேன். "இதுலதாண்ணே."

அவர் தாளைத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தார்.

எனக்கு வேறு குழப்பம். "டீச்சர், ஒரு புள்ளகூட அழலையே?"

மேசைக்கு அடியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது: "மொதல்ல அது போயிருச்சானு பாருங்க."

அழாததால் அனுமதி கிடைத்துவிட்டது. இப்போதும் நான் வாசிக்கும் நாளில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி அறிவிப்பார்: "மத்தியானம் சத்தம் கேட்டா யாரும் ஓடாதீங்க. நம்ம செல்வி வீட்டுக்காரருதான்."

"நெசமாவே குளவி வந்துட்டா?" என்று யாராவது கேட்பார்கள்.

பதிலை என் மனைவியே சொல்லுவாள்: "நெசக் குளவி இம்புட்டுச் சத்தம் போடாதுக்கா."