இடைவெளி ஒழிந்த பள்ளிக்கூடம்

"'தறிக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது'ன்னு அறிக்கையில எழுதியிருக்கீங்களே, எங்க சனம் நூலை எண்ணாமத்தான் வேட்டி நெய்யுதுங்களா?"

ஜலகண்டாபுரம் பள்ளியில் தலைமையாசிரியர் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள் உஷாராணி. மகள் மதுமதிக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. விளையாட்டா?

"கோபப்படாதீங்கம்மா. எழுதியது நானல்ல, புள்ளிவிவரம்" என்றார் கல்வி அலுவலர் தீனதயாளன்.

விஷயம் இதுதான். பஸ்ஸில் வரும் தோட்டத்து விவசாயக் குடும்பப் பிள்ளைகள் 'ஏ' பிரிவு. தறி வீதியிலிருந்து நடந்து வருவோர் 'பி' பிரிவு. இருக்கிற ஒரே கணக்கு டீச்சர் பிரவீனா 'ஏ'வுக்குப் போனார். கணக்கு பீரியடில் 'பி' பிரிவு மைதானத்தில் புல் பிடுங்கியது.

"'பி'க்கு டீச்சரே இல்லீங்க சார்!"

"அது நிர்வாகம். நாங்கள் ஆராய்வது சமூகம்."

உடனே 'சமூகங்களுக்கிடையேயான கற்றல் இடைவெளி ஒழிப்புக் குழு' மலர்ந்தது. மதுமதியை விசாரித்தது.

"காலையில் உங்க வீட்டில் என்ன சத்தம் கேட்கும்?"

"தறிச் சத்தம் சார்."

"தோட்டத்து வீடுகளில்?"

"சேவல் கூவும் சார்."

ஆப்பிள் விழக் கண்ட விஞ்ஞானிகளைப் போலக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தறி வீட்டுக்கு ஒரு சேவல் வீதம் வழங்க ஆணை பிறந்தது. அரசாங்கச் சேவல்கள் அந்த ஞாயிறே குழம்பில் இறங்கிக் கடமையாற்றின.

இடைவெளி மட்டும் அசையவில்லை. 'தினசரி அறிக்கை அனுப்புக' என்றது மேலிடம். கூட்டிக் கழிக்க ஆள் வேண்டுமே? பிரவீனா டீச்சரைக் குழுவுக்கு முழுநேரமாக எடுத்துக்கொண்டார்கள். 'ஏ' பிரிவும் மைதானத்துக்கு வந்தது. பிடுங்கப் புல் போதவில்லை.

அரையாண்டுக் கணக்குத் தேர்வில் இரு பிரிவும் தோளோடு தோள் சேர்ந்து பெயில். இடைவெளி: பூஜ்ஜியம்!

சாமியானா, நாதஸ்வரம், பொன்னாடை. 'போராடிய தாய்' என்று உஷாராணிக்கும் ஒரு சால்வை. அவள் அதை இழுத்துவிட்டுக்கொண்டு, 'ஏ' பிரிவுப் பையனின் அப்பா தங்கசாமியைப் பார்த்தாள்.

"இனி எங்க புள்ளைங்கள மட்டம்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம்!"

"அதெப்படிங்க சொல்லுவோம்? எம்பையனும் அதே மார்க்குத்தானுங்களே!"

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்டோக்காரர் கை காட்ட, மேடையே காமிராப் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியது. நன்றியுரைக்கு வந்த மதுமதி மைக்கைப் பிடித்தாள்.

"சார்... அம்மா... பரீச்சை வருதுங்க. ரெண்டு பிரிவுக்கும் சேத்து ஒரே ஒரு கணக்கு டீச்சர் குடுங்க."