எண் பொருந்தாத பூட்டு

ஒரிஜினல்காரர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பார்கள், ஓட்ட மாட்டார்கள். ஓட்டுவதற்கென்று கார் வாங்குவது உங்களையும் என்னையும் போன்ற சாமானியர்களின் பழக்கம். இவர்கள் வாங்குவது பிரித்துப் போடுவதற்கு. பிரித்ததைத் துடைத்து, துடைத்ததைத் துணியில் சுற்றி, சுற்றியதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதில் ஒரு திருகாணி குறைகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒற்றைத் திருகாணிக்காக ஆறு ஊர் அலைந்து, கிடைத்ததும் நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டு, "ம்ஹூம், இது பிற்பாடு வந்த சரக்கு" என்று உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுப்பதற்கு.

இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். துக்க வீட்டுக்குப் போனால்கூட வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸைச் சுற்றி வந்து, "இது கம்பெனிக் கைப்பிடி இல்லை, தெரியுமா?" என்று பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரிடம் சொல்கிறவர் இந்த இனம்தான். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் இவர்களுக்கு இரண்டே வகை. ஒன்று ஒரிஜினல். மற்றது தகரம்.

நமக்கு ஒரு மாதிரி வேண்டுமல்லவா? நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தெருவே அவரை 'ஒரிஜினல்' என்றுதான் கூப்பிடும். அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். அவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் நட்டுகள் இருக்கும். பீரோவில் புடவைகளுக்கு நடுவே ஒரு ஹெட்லைட் இருக்கும். குளியலறைக் கதவுக்கு மட்டும் ஒன்பது வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை விடாமல் இருமிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு இதை விளக்கிச் சொல்வது அவர் மனைவியின் பொறுப்பு.

அந்தக் காரை அவர் வாங்கியபோது மகளுக்குப் பதினொரு வயது. பின்சீட்டில் இடது ஓரமாக ஏறி உட்கார்ந்து, "எப்பப்பா ஓடும்?" என்று கேட்டாள். "ரெண்டே மாசம்" என்றார். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. கடல் கடந்து ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மறுபடி வர மூன்று வருஷம் ஆகும். அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை நம்ம வண்டியில கொண்டுபோய் விடுங்கப்பா. அது போதும்."

கேட்டதில் தப்பில்லை. என்ஜின் ஓடியது. பெயின்ட் பளபளத்தது. பின்பக்க இடது கதவுக்கு மட்டும் பூட்டு கிடையாது. வாங்கும்போதே கிடையாது, அந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை பூட்டுக்காரர் வந்தார், வேறொரு வண்டியின் பூட்டை அரத்தால் கொஞ்சம் ராவினார், மாட்டினார், கதவைச் சாத்தினார். டக்கென்று பிடித்துக்கொண்டது. அரை மணி நேர வேலை. பதினொரு வருஷம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா?

நம் ஒரிஜினல் அந்தப் பூட்டைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கினார், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, 562ன்னு போட்டிருக்கு? மத்த மூணுலயும் 317 இருக்கே!"

"எண்ணு கதவுக்கு உள்பக்கம் போயிடும் சார். மேல அட்டையை மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

இந்த இனத்தின் வேதவாக்கு இதுதான். பூட்டுக்காரர் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்; அவருக்கு வேறு வேலை இருந்தது.

சனிக்கிழமை காலை மனைவிதான் கேட்டாள். "ஏங்க, இந்த வண்டியை வித்தாரே பல் டாக்டர், மூணாவது தெருவுலதானே இருக்கார்? அவரைக் கேட்டா என்ன?"

பதினொரு வருஷத்தில் ஒருதரமாவது அவரைக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. பழைய இரும்புக் கடைகள், பழைய கார்ச் சங்கக் கூட்டங்கள், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதங்கள் என்று சல்லடை போட்டுச் சலித்தவர், மூன்றாவது தெருவுக்குப் போனதில்லை. காரணம் கேளுங்கள்: "அவருக்கு என்ன தெரியும்? அவர் வண்டியை ஓட்டினவர்தானே!"

வேறு வழியில்லாமல் போனார். டாக்டர் உள்ளே போய்ப் பரணைக் குடைந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் ஒரு பூட்டு. 317! ஒரிஜினலுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பிறந்தபோதுகூட இப்படிக் கலங்கவில்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

"ஆமா, ஞாபகம் வருது," என்றார் டாக்டர். "அந்த நாலு பூட்டுமே வேற ஒரு வண்டியில இருந்து கழட்டினது. மூணை மாட்டிட்டேன். நாலாவதை மாட்ட நேரம் கிடைக்கல."

"வேற வண்டியா?"

"பின்னே? இதோட பூட்டெல்லாம் துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. எடைக்குப் போட்டுட்டேன்."

ஒரிஜினலின் முகத்தில் ஈயாடவில்லை. பதினொரு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பூட்டுக்காரரின் கைகூடப் படாமல் பாதுகாத்த மூன்றும் தகரம். கையில் இருக்கும் நாலாவதும் தகரம். நல்ல மனிதனாக இருந்தால் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நாலாவதையும் மாட்டி மகளை ஏற்றிக்கொண்டு போயிருப்பான். நம் ஆள் அந்த எடைக் கடையின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மனைவி வாசலுக்கு வந்து பார்த்தபோது காரின் நான்கு கதவுகளும் பப்பரப்பா என்று திறந்து கிடந்தன. நான்கு பூட்டுகளும் செய்தித்தாளில் வரிசையாகப் படுத்திருந்தன.

"போய் விட்டுட்டு வந்து கழட்டியிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்ச பிறகு எப்படி ஓட்டறது? ஏமாத்தற மாதிரி இருக்காதா?"

"யாரை ஏமாத்தறீங்க?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டார்.

மகள் வந்தாள். "கதவைக் கயித்தால கட்டிக்கலாம்பா. நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். அந்த ஓரத்து சீட்டில் ஒருதரம், ஓடுகிற வண்டியில், உட்கார வேண்டும் என்பதுதான் அவளுக்கு. அவர் அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவளைப் போலப் பார்த்தார். "கயிறா? இந்த வண்டிக்கா?"

ஒன்பது மணிக்கு வாடகைக் கார் வந்தது. பெட்டிகள் ஏறின. அம்மா ஏறினாள். ஒரிஜினல் ஏறவில்லை, எடைக் கடை ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைதானாம். மகள் ஏறப்போகும் கதவைத் தானே திறந்துவிட்டார். திறந்தவர் கைப்பிடியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, டிரைவரைப் பார்த்து, "இது மாத்தினதுதானே?" என்றார்.

"போயிட்டு வரேம்பா" என்றாள் மகள்.

"நீ திரும்பி வரும்போது நாலும் ஒரிஜினலா இருக்கும் பாரு!"

கார் திருப்பத்தில் மறையும் முன்பே அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினார். எனக்கு இந்த ஆள்மேல் இரக்கம் வரவில்லை. நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

நீங்களும் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். சரி, ஒரே ஒரு சந்தேகம். அது எந்த வருஷத்து வண்டி, என்ன மாடல் என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பெண் அழுதாளா என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு முதலில் கேட்கத் தோன்றியது எது?