நடுவுல அண்ணனும் கந்தையா ஐயாவின் கர்ப்பமும்

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களே கொஞ்சம் பேர்தான். அவர்களில் அதைத் துளிகூட நம்பாதவர் ஒரே ஒருவர். அவரிடம்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தன் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒப்படைத்திருந்தது.

அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை. நடுவுல அண்ணன் என்றால்தான் தெரியும். இரத்தம் பரிசோதிக்கும் லேப்பில் ஒரு மெஷின், வார்டுகளில் வேறொரு கம்பெனியின் மெஷின். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. லேப் அனுப்பும் ரிசல்ட்டை வார்டுக்குப் புரிகிறபடி மாற்றி, அந்தந்த நோயாளியின் பெயருக்கு நேராகப் போடும் புரோகிராமை எழுதியவர் அண்ணன். எது கெட்டாலும், "அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. நடுவுல," என்பார். அதே அறையில் எனக்கு டைப் அடிக்கிற வேலை.

அண்ணனின் ஆயுதங்கள் இரண்டு. ஒயருக்கு ஒன்றாகக் குட்டி விளக்குகள் வைத்த ஒரு பெட்டி. எந்த ஒயரில் பேச்சு ஓடுகிறதென்று அது காட்டும். அப்புறம், கெட்டதையெல்லாம் எழுதிவைக்க ஒரு பள்ளிக்கூட நோட்டு. புகார் கொண்டுவருகிறவர்களை நிற்கவைத்து விசாரிப்பார்.

"அண்ணே, மெஷின் செத்துப் போச்சு."

"நீ டாக்டராலா, செத்துப் போச்சுன்னு சொல்ல? என்ன நெனச்சேன்னு கேக்கல. என்ன பாத்தேன்னு சொல்லு."

"ஸ்கிரீன் கறுப்பா இருக்கு."

"அது பேச்சு."

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்பது அவர் சட்டம். கோப்பிக் கடையில் கோப்பி சரியில்லையென்றால் முதலில் கோப்பையை மாற்றச் சொல்வார். குடித்துப் பார்த்துவிட்டுப் பாலை. பிறகு தூளை. நான்காவது கோப்பைக்கு வரும்போது கடை முதலாளித் தவுக்கே பின்கதவு வழியாகப் போயிருப்பார்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமே என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்கு முகம் சிவந்துவிடும். "அடிபட்டுக் கெடக்குறவன மொதல்ல குளிப்பாட்டிட்டு, அப்புறம் ரத்தம் எங்கேருந்து வருதுன்னு தேடுவியா?"

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கந்தையா ஐயா எங்கள் அறைக்கு நேராகவே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தெட்டு வயது, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. கையில் வார்டில் அச்சடித்துக் கொடுத்த காகிதம்.

"பிள்ளை, நான் கர்ப்பமாம். உந்த மெஷினுக்குக் கண் தெரியேல்லையோ?"

அறையே சிரித்தது. நான் மேசையில் தலை சாய்த்துச் சிரித்தேன். நிமிர்ந்தபோது அண்ணன் மட்டும் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"யாரோ ஒரு பொம்பளையோட ரிசல்ட் ஐயாவுக்கு வந்திருக்கு. சரி. அப்ப ஐயாவோட ரிசல்ட் யாருக்குப் போச்சு?"

அவர் பட்டியலை இழுத்துப் பார்த்தார். ஐயாவுக்கு முந்தின பெயர் பிரசவ வார்டுப் பெண். அடுத்த பெயர் முனியம்மா, பெண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில். பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அம்மா. மயங்கி விழுந்து காலையில் வந்தவர். அவர் பெயருக்கு நேராக, ஐயாவின் உடம்பில் ஓடிய அத்தனை சர்க்கரையும் நின்றது.

வார்டுக்கு ஃபோன் போட்டார். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. அதற்குள் சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னலா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணுனா, இன்னும் யார் யாருக்கு மாறிப் போச்சுன்னு தெரியாமப் போயிரும் சார்."

மேனேஜர் சுவிட்சை நோக்கி நடந்தார். அண்ணன் நாற்காலியை இழுத்துச் சுவிட்சை மறைத்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஓடு. அந்தம்மாவுக்கு ஊசி போட வேணாம்னு சொல்லு. நான் எழுந்திரிச்சா இவரு ஆஃப் பண்ணிருவாரு."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். இரண்டு மாடி கீழே. பெண்கள் வார்டில் நர்ஸ் மிஸ்ஸி இன்சுலின் ஊசியோடு கட்டிலருகே குனிந்திருந்தார். முனியம்மா கண்ணை மூடி, வேர்த்துக் கிடந்தார்.

"வேணாம் மிஸ்ஸி. அது வேற ஆளோட ரிசல்ட்டு."

"ஸ்கிரீன்ல இருக்கே."

"ஸ்கிரீன நம்பாதீங்க. வெரல்ல குத்திப் பாருங்க."

என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனாலும் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு விரலில் குத்தி, சொட்டு இரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் பட்டையில் தடவினார். நிறம் மாறுவதற்காகக் காத்திருந்தோம். பட்டை நிறமே ஏறவில்லை. அந்த உடம்பில் சர்க்கரை ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தது. மிஸ்ஸி தட்டிலிருந்த ஊசியை ஒருமுறை பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். மேனேஜர் எதிரில் நின்று சஸ்பெண்ட், டிஸ்மிஸ் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஊசி போடல அண்ணே," என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் ஒவ்வொரு பெயராகப் படித்து, லேப் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தோம். ஐயாவோடும் முனியம்மாவோடும் சேர்த்து ஏழு பேருக்கு மாறியிருந்தது. மற்ற ஐந்து பேரின் வார்டுகளுக்கும் அண்ணனே ஃபோன் போட்டுச் சொன்னார்.

லேப்பில் பிரிண்டருக்குத் தாள் தீர்ந்து, மாற்றிப் போட்டபோது மெஷின் ஒரு ரிசல்ட்டை இரண்டாவது முறை அனுப்பியிருக்கிறது. அண்ணனின் புரோகிராம் அதைப் புது ரிசல்ட் என்று எண்ணி அடுத்த பெயருக்குப் போட்டுவிட்டது. அதிலிருந்து எல்லாம் ஒரு ஆள் தள்ளி.

மேனேஜர் கேட்டார், "அப்ப தப்பு யாரோடது? லேப்பா, வார்டா?"

"என்னோடது சார். நடுவுல."

வேலை போகவில்லை. கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அதையும் நோட்டில் ஒட்டிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து இறங்கும்போது பெண்கள் வார்டு வாசலில் அண்ணனைப் பார்த்தேன். கதவுக் கண்ணாடி வழியாக ஒன்பதாம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போங்க அண்ணே. ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க."

"என்னன்னு பேசுறது தங்கச்சி? அந்தம்மாவுக்கு ஒன்னுமே தெரியாது."

நான் உள்ளே போனேன். முனியம்மா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். யாரென்று தெரியாமலே என்னைப் பார்த்துச் சிரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். திரும்பி வந்து, நினைத்தது எதையும் சொல்லாமல், பார்த்ததை மட்டும் அண்ணனிடம் சொன்னேன். அவர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு பஸ் இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.