கல்லுநக்கியார் கண்டுபிடித்த மலை

வன்னியில் மலை கிடையாது என்று சொல்பவர்கள் கல்லுநக்கியாரைச் சந்திக்காதவர்கள். நெடுங்கேணிக்குப் பக்கத்தில் எங்கள் குடியேற்றத் திட்டம். புற்றைவிட உயரமான மேடு எதுவும் இல்லாத அந்தத் தரையில் வானத்தை முட்டும் மலைத்தொடரைக் கண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பகுதியில் என்னென்ன கல் கிடக்கிறது என்று பார்த்துப் படம் கீற, கொழும்பு அரசாங்கக் கந்தோர் ஒன்று அவரை அனுப்பியிருந்தது. நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். கடையின் பின்னறை சும்மா கிடந்ததால் அங்கே தங்கினார். கையில் சுத்தியல், கழுத்தில் பூதக்கண்ணாடி. கல்லைக் கண்டால் ஒரு மூலையை உடைப்பார், உடைத்த பக்கத்தை நக்குவார், பிறகு கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் கல்லின் வரிகள் தெளியுமாம்.

"அதுக்குத் தண்ணி காணாதோ ஐயா?"

"தண்ணிப் போத்தல் பாரம் தம்பி. நாக்கெண்டால் எப்பவும் கூடவே வருது."

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா அரைத்ததை வழித்துக்கொண்டு குசினிக்குள் போன நேரம் பார்த்து, முற்றத்து அம்மியின் மூலையை உடைத்து நக்கினார் மனிதர்.

"ஐயோ, என்ன செய்யிறியள்? செத்தல் மிளகாய் அரைச்ச அம்மியெல்லோ!"

"பரவாயில்லை அக்கா, நல்ல கல்லு," என்று கண்ணீர் வழியக் கிணற்றடிக்கு ஓடினார். அன்று பின்னேரமே கல்லுநக்கியார் என்ற பட்டம் ஊர் முழுக்கப் போய்விட்டது.

ஆனால் எங்கள் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. கொக்கிளாய்க் கடற்கரையில் தாது கலந்த கறுப்பு மணல் அள்ள ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஒரு கதை அடிபட்டது. உடனே ஊர் யோசிக்கத் தொடங்கியது. கல்லை நக்குவதற்கு அரசாங்கம் ஒருவருக்குச் சும்மா சம்பளம் கொடுக்குமா? நிலத்துக்குக் கீழே ஏதோ இருக்கிறது, எடுக்க வரப்போகிறார்கள். எங்கள் காணியோ பெர்மிட் காணி. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, அப்போதுதான் நெல்லைக் கண்டிருந்தோம். தந்த அரசாங்கமே திருப்பிக் கேட்டால் யாரிடம் போய் அழுவது?

எனக்கு அதற்கு மேலும் ஒரு பயம். சின்னத்துரை அம்மான் தன் மகளை எனக்குத் தரச் சம்மதித்தது என் அழகைப் பார்த்து அல்ல, காணியைப் பார்த்து. அவர் கடைக்கு வந்து சீனி வாங்கிவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "தம்பி, கலியாணக் கதையைக் கொஞ்சம் ஆறப்போடுவம். முதல் உந்த ஐயா என்னத்தை எடுக்கிறார் எண்டு பாப்பம்."

அன்றே நான் பின்னறைக்குப் போய்த் துருவினேன்.

"என்னதான் தேடுறியள் ஐயா?"

"ஒரு முட்டு, தம்பி. ரண்டு பெரிய நிலம் வந்து முட்டின முட்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயம்தான் கூடியது.

குளத்தில் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வானைத் திருத்துவதற்கு ஒரு நாள் பாறையை வெடிவைத்துப் பிளந்தார்கள். மத்தியானம் கல்லுநக்கியார், "கண்டிட்டன்! கண்டிட்டன்!" என்று கத்திக்கொண்டு சைக்கிளில் சந்தை நடுவே பறந்தார். கோழிகள் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம் சிதறியது.

பின்னேரம் ஊரே சங்கக்கடை முற்றத்தில் நின்றது. சிலர் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். அவர் வெளியே வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இவ்வளவு பேரோ! பொறுங்கோ, வாறன்," என்று உள்ளே போய்ப் பாயொன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

அதை விரித்து ஒரு முனையை என்னிடம் தந்தார். மற்ற முனையைத் தான் பிடித்துக்கொண்டு, "தள்ளும்," என்றார். இரண்டு பேரும் தள்ள, பாய் நடுவில் மடிந்து எழும்பியது.

"இதுதான் மலை. கோடானுகோடி வருசத்துக்கு முந்தி ரண்டு நிலம் இஞ்சை வந்து இப்பிடித்தான் முட்டினது. முட்டின இடம் மடிஞ்சு எழும்பிச்சுது. ஆழத்திலை கல்லு வெக்கைக்கு உருகி, கஞ்சி மாதிரி வெடிப்புகளுக்குள்ளை ஏறி இறுகிச்சுது. வான் பாறையிலை வெள்ளை வரி ஓடுதே, அதுதான் அந்தக் கஞ்சி. மலை மழையிலும் வெயிலிலும் தேஞ்சு போச்சு. நாங்கள் நிக்கிறது அதின்ரை அடியிலை."

வெள்ளை வரி என்றதும் நான் விலையைத்தான் யோசித்தேன். அது என்ன விலை போகுமோ? சின்னத்துரை அம்மானுக்கும் பொறுக்கவில்லை.

"ஐயா, மலை கிடக்கட்டும். எங்கடை காணிக்குக் கீழை எடுக்கிறதுக்கு ஏதும் இருக்கோ?"

கல்லுநக்கியாரின் முகம் வாடியது. "எடுக்கவோ? ஒண்டுமில்லை. தங்கமில்லை, இரும்புமில்லை, மாணிக்கமுமில்லை. கந்தோருக்கும் அப்பிடித்தான் சொல்லப்போறன். ஆனால் அந்த முட்டு இருக்கெல்லோ..."

அதற்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டலில் கடைக்கூரை அதிர்ந்தது. பொன்னம்மாக்கா கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். என்னைக் கேட்காமலே யாரோ கடைச் சோடாக்களை உடைத்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மான் என் முதுகில் ஓங்கித் தட்டி, "கலியாணத்தைத் தையிலை வைப்பம்," என்றார்.

கல்லுநக்கியார் பாயின் முனையை விடாமல் அப்படியே நின்றார். கண் நிறைந்திருந்தது.

"நிலம் நகரும் எண்டு சொன்னால் கந்தோரிலை சிரிக்கிறவை. ஒருத்தரும் இதுக்குக் கைதட்டினதில்லை," என்றார்.

வீட்டுக்குப் போகத் திரும்பியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் தரையில் உட்கார்ந்தவர் சின்னத்துரை அம்மான்தான்.

"முட்டினாப் பிறகு என்ன நடந்தது, ஐயா?"

பொழுதுபடும் வரை அவர் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை கல்லுச் சாக்குகளை பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் திட்டிக்கொண்டே இருந்தான். ஏறப்போன கல்லுநக்கியார் என் கையைப் பிடித்தார். "தம்பி, உண்மையைச் சொல்லும். அவைக்கு விளங்கித்தானே கைதட்டினவை?"

"ஓம் ஐயா. எல்லாருக்கும் வடிவா விளங்கினது," என்றேன்.

சில வருடங்களில், நிலம் நகர்வது உண்மைதான் என்று பத்திரிகைகளிலும் எழுதத் தொடங்கினார்கள். அதற்குள் எனக்கு மாமனாராகியிருந்த சின்னத்துரை அம்மான், கடை வாசலில் இருந்து அதை உரத்து வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "உவைக்கு இப்பத்தான் தெரியுமோ? நாங்கள் அப்பவே கைதட்டினனாங்கள்," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு ஆள் ஒருவர் சோதனை பாஸ் பண்ணியது போல எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதைக் காண அந்த மனிதர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.