மூடிய காருக்குள் ஒரு துப்பறிவாளர்

ஈரம் தேடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில், வாசலில் நிற்கும் காருக்குள், கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, கையில் டார்ச்சுடன் தனியாக உட்கார்ந்திருப்பார். வீட்டில் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை இனிமேல்தான்.

காருக்குள் கண்ணாடி வேர்த்தால் நாமெல்லாம் துடைத்துவிட்டுப் போகிறோம். இவருக்குக் காரணம் வேண்டும். மிதியடியைத் தூக்கி மோந்து பார்த்து, கதவு ரப்பரை விரலால் நெடுகத் தடவி, இருக்கைக்கு அடியில் உப்புக் கிண்ணமும் அடுப்புக்கரிப் பையும் வைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சின்னப் பொட்டலங்கள், அவற்றைத் தெரிந்தவர் வீடுகளிலெல்லாம் கேட்டு வாங்கி மூலைக்கு மூலை செருகி, மறுநாள் காலையில் கண்ணாடி பழையபடி வெள்ளையாக நிற்பதைப் பார்த்து, கைக்கெட்டியவனைக் கோட்டைவிட்ட போலீஸ்காரர்போல் தலையை ஆட்டுவார். ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி வைக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். வெளியே இருக்கிற ஈரம் உள்ளே வந்துவிடாதா? இதுகூடவா தெரியாது உங்களுக்கு?

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவருடைய மனைவிக்கு அலுவலகத்தில் பதவி உயர்வுக்கான நேர்காணல். தன்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களெல்லாம் தன்னைத் தாண்டி மேலே போவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் வந்த வாய்ப்பு. நல்ல மழை. மனைவி தலைவாரத் தொடங்கியபோதே இவர் கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தார். மனைவி வருவதற்குள் எந்தக் கண்ணாடியிலும் வெளியே இருப்பது தெரியவில்லை.

"ஏறு. ஆனா எதையும் தொடாத."

"தொடைச்சிட்டுக் கிளம்புங்க, நேரமாச்சு."

"தொடைச்சா எங்கேருந்து வருதுன்னு எப்படிம்மா தெரியும்? இப்பத்தான் பிடிபடுது."

ஏசியையாவது போடச் சொன்னார் மனைவி. போட்டால் கண்ணாடி தெளிந்துவிடும் என்றார் இவர். அதைத்தானே கேட்கிறேன் என்றார் மனைவி. இவர் டார்ச்சை மேற்கூரைப் பக்கம் திருப்பினார்.

எதிர்வீட்டு வக்கீலும் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் கார்க் கண்ணாடியும் வேர்த்துத்தான் இருந்தது. ஒரு கிழிந்த பனியனால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி இறங்கினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. "அண்ணே, என்னை ஆபீஸ்ல இறக்கிவிட்டுடுங்க" என்று அந்தக் காரில் ஏறிப் போயே விட்டார்.

சாயங்காலம் மனைவி திரும்பி வந்தபோது, இவர் முகமெல்லாம் வெளிச்சமாகப் படியிலேயே நின்றிருந்தார்.

"புரமோஷன் கெடச்சிடுச்சுங்க."

"கெடைக்கும்னு தெரியும். இதக் கேளு. நானும் கண்டுபிடிச்சிட்டேன். நீ இறங்கிப் போனதும் கண்ணாடி தானா தெளிஞ்சிடுச்சு. ஈரம் உங்கிட்டேருந்துதான் வருது."

மனைவி கைப்பையைக் கீழே வைத்தார். "நான் வர்றப்பவே வெள்ளையாத்தானே இருந்துச்சு. அதுவரைக்கும் எல்லாத்தையும் மூடிக்கிட்டு உள்ள மூச்சு விட்டுக்கிட்டிருந்தது யாரு?"

இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, ஆதாரமில்லாமல் யார்மீதும் பழி போடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போய், காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நீங்கள் இருக்கும் அறையில் மட்டும் எப்போதும் ஏதோ ஒரு புழுக்கம் இருப்பதாகவும், அதற்குக் காரணமான ஆளை நெடுநாளாகத் தேடிவருவதாகவும் உங்களுக்கு ஒரு நினைப்பு உண்டா? உண்டென்றால் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களிடம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களானால், உடனே உள்ளே வந்துவிடாதீர்கள்.