மீத்தேன் லாரிக்கு நான்தான் இன்ஜினியர்

போன குறுவை அறுப்பு சமயம். அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். தஞ்சாவூர் குடோன்லேர்ந்து ஒரு பேட்டரியை லாரில ஏத்தி, ஒரத்தநாடு தாண்டி ஒரு ஊர்ல இறக்கணும்.

பேட்டரின்னா டார்ச் லைட் பேட்டரி இல்ல. ரெண்டு பீரோவைச் சேத்து வச்ச சைஸ். அந்த ஊர் உழவர் குழு வாங்கின நெல் உலர்த்துற மெஷினுக்கு. மழைல நனைஞ்ச நெல்லு களத்துல குவிஞ்சு கிடக்கு. கரண்ட் வந்து வந்து போகுது. ஈரம் குறையாட்டி கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க, இப்படியே விட்டா முளை விட்டுடும்.

நான் தனியா பொறுப்பெடுத்துப் போற முதல் வேலையும் இதுதான். சொதப்பக்கூடாதுன்னு பாதுகாப்புல இறங்கிட்டேன் பாருங்க, அங்கதான் சனி பிடிச்சது.

ஸ்பேனர் கைப்பிடிக்கெல்லாம் இன்சுலேஷன் டேப் சுத்தினேன். டிரைவர் ராஜேந்திரன் அண்ணனோட மோதிரம், காப்பு எல்லாத்தையும் கழட்டச் சொன்னேன். உடம்புல உலோகமே இருக்கக்கூடாதுன்னு ரூல்.

"இறக்கறப்ப கழட்டுனா போதாதாம்மா?"

"இப்பவே பழகிக்குங்கண்ணே."

"அரைஞாண் வெள்ளிம்மா. அதுவுமா?"

"அதுவுந்தான்."

மனுஷன் முணுமுணுத்துக்கிட்டே லாரிக்குப் பின்னாடி போனார்.

அதோட விட்டேனா? பெட்டி மேல எச்சரிக்கையெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. ஊர்க்காரங்களுக்குப் புரியணுமேன்னு நானே தமிழ்ல பெருசா அடிச்சு நாலு பக்கமும் ஒட்டினேன். 'எச்சரிக்கை. விபத்து நேர்ந்தால் எரிவாயு வெளியேறும். பொதுமக்கள் விலகி நிற்கவும்.' தள்ளி நின்னு பாத்தப்ப எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

வாய்க்கால் பாலம் தாண்டி ஊர் எல்லைல திரும்பினோம். நடுரோட்ல டிராக்டர். பச்சைத் துண்டு போட்ட கூட்டம். முன்னாடி நின்ன மாரிமுத்துங்கறவர் என் ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டி, சத்தமா, கடைசி வரைக்கும் படிச்சார்.

"மீத்தேன் எடுக்க வந்துட்டீங்க, அப்படித்தானே?"

எங்க பக்கம் பெரிய இரும்புப் பெட்டி எது வந்தாலும், வயலைத் தோண்டி வாயு எடுக்க வந்துட்டாங்கன்னுதான் ஜனங்க நினைப்பாங்க. பட்ட அனுபவம் அப்படி.

"இல்லைங்கய்யா. இது வெறும் பேட்டரி."

"என் டிராக்டர்லயும் பேட்டரி இருக்கு பாப்பா. அதுல எரிவாயுன்னு எழுதலையே?"

"அது விபத்து ஆனாத்தான் வரும்ங்க."

"அப்ப உள்ள இருக்கு."

"உள்ள... இருக்குன்னு இல்லைங்க."

"கைல என்ன அது?"

"வாயு கசியுதான்னு பாக்கற மீட்டருங்க."

பொய் சொல்ல வேண்டிய ஒரே இடத்துல எனக்கு உண்மை பொங்கிக்கிட்டு வருது. ராஜேந்திரன் அண்ணன் தலைல கை வச்சுக்கிட்டார்.

நாலு பேர் லாரியைப் பின்னால தள்ளப் போனாங்க. "ஐயோ, ஆட்டாதீங்க, சாஞ்சா ஆபத்து"ன்னு கத்தினேன். மொத்தக் கூட்டமும் வயல்ல இறங்கி நின்னுச்சு. ஒரு அம்மா மட்டும் தைரியமா வந்து மோர் கொடுத்தாங்க.

"குடிம்மா. உம்மேல கோவமில்ல. உன் கம்பெனி நாசமாப் போவட்டும்."

மோர் நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சுட்டு, உழவர் குழுத் தலைவர் கோவிந்தராசு ஐயாவுக்கு போன் போட்டேன். அவர்தானே பேட்டரிக்காகக் காத்துக்கிட்டிருக்கறவர்.

"ஐயா, பேட்டரி வந்துட்டிருக்கு, ஆனா வழியில..."

"இப்பப் பேச நேரமில்லம்மா. ஊர் எல்லைல மீத்தேன் லாரி வந்து நிக்குதாம். ஷெட்டைப் பூட்டிட்டு எல்லாரும் அங்கதான் போறோம். நீ பதறாம மெதுவா வா."

வச்சுட்டார்.

கொஞ்ச நேரத்துல டிராக்டர் நிறைய ஆளோட, கோஷம் போட்டுக்கிட்டே வந்தார். இறங்கினார். பெட்டியைப் பாத்தார், என்னைப் பாத்தார். கோஷத்துக்குத் தூக்கின கை மெதுவா இறங்கி மீசையைத் தடவிச்சு.

"மாரிமுத்து, இது நம்ம மெஷினுக்கு வந்ததுய்யா."

"என் நெல்லும் அங்கதானே கிடக்கு தலைவரே. மொதல்லயே சொல்லக்கூடாதா?"

ஆனா பாதி ஊர் கூடிடுச்சு. கோஷமெல்லாம் போட்டாச்சு. இனிமே லாரியை உள்ள விட்டா யார் முகத்துல முழிக்கறது? ரெண்டு பேரும் ஓரமாப் போய்ப் பேசினாங்க. அப்புறம் தலைவர் டிராக்டர் மேல ஏறி அறிவிச்சார்: "லாரி திரும்பிப் போவுது."

நான் தலைல ஹெல்மெட்டோட லாரிலேர்ந்தே கை கூப்பினேன். லாரி ரிவர்ஸ் எடுத்துச்சு. ஒரே கைதட்டல்.

தலைவர் காதோட சொன்னபடி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வாய்க்கால் கரை வழியா மறுபடி ஊருக்குள்ள வந்தோம். கரை மேடும் பள்ளமும். விரட்டி விட்ட அதே ஆளுங்க ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சுக்கிட்டு, பள்ளத்துல வைக்கோல் போட்டு, பெட்டி சாயாம கொண்டு சேத்தாங்க. சாயங்காலம் மெஷின் ஓடிச்சு. முதல்ல காஞ்சது மாரிமுத்து நெல்லு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் காலைல கீழ்வேளூர்லேர்ந்து அம்மா போன். ஹெல்மெட்டோட நான் கை கூப்பி நிக்கற போட்டோ வாட்ஸ்அப்ல சுத்துதாம். மேல, 'மீத்தேன் லாரியை விரட்டியடித்த விவசாயிகள்'.

"மீத்தேன் வேணாம்னு நான் இங்க ரோட்ல உக்காந்து மறிச்சேன். நீ அதே லாரில ஏறி வர்றியா?"

"அம்மா, அது பேட்டரிம்மா."

"எங்கிட்டயேவா?"ன்னு போனை வச்சுட்டாங்க.