பக்கத்துக்கு ஒரு வீட்டு உபயம்

பொதட்டூர்பேட்டை
12-2-1976

திருத்தணி மலையடிவாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாவா ஆதிகேசவன் அவர்களுக்கு, மச்சான் கோதண்டபாணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெயம்மாளும் நாலு தறியும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும் என்பதால், நான் சொல்லச் சொல்ல எங்கள் தெரு வேதாசலம் எழுதுகிறார்.

நம்ம பொண்ணு தமயந்தி ஜெயிச்சுட்டா பாவா!

லுங்கிச் சாயம் ஏன் போவுது, எப்படி நிறுத்தலாம்னு மெட்ராசு காலேஜுல மூணு வருஷம் துணியத் துவைச்சுத் துவைச்சு எழுதினாளே, அதை அச்சுல போடறோம்னு அமெரிக்கா பத்திரிகை ஒண்ணு ஒத்துக்கிச்சு. அச்சுல வந்தாத்தான் அவளுக்குப் பட்டம். ஆனா பக்கத்துக்கு இருநூறு ரூபாய் நாமதான் கட்டணுமாம். ஏழு பக்கம். உங்ககிட்ட ஓடியாந்தேன். கடை நிறைய ஆள் இருக்கறப்போ இன்னா சொன்னீங்க? "இன்னாய்யா மச்சான், கதை எழுதறவனுக்கே பத்திரிகைக்காரன் காசு குடுக்கறான். உம் பொண்ணு எழுதியும் குடுத்து காசும் குடுக்கணுமா? அதுவும் நம்ம லுங்கி சாயம் போற சங்கதிய ஊரு ஒலகத்துக்குச் சொல்லவா?" அப்புறம் மோர் குடுத்தீங்க. மோர் நல்லா இருந்தது, அதை இல்லன்னு சொல்லக்கூடாது. கொத்தமல்லி அக்கா கைதானே?

மனசு கேக்காம மலையேறினேன். இறங்கறப்போ படியில வெட்டியிருக்கற பேருங்களப் பாத்துகினே வந்தேன். படிக்கு ஒருத்தர் உபயம்னா, பக்கத்துக்கு ஒரு வீடு உபயம் ஆவாதா? வழியில பஸ்ஸு கே.ஜி.கண்டிகைல நின்னுபோச்சு, அந்தக் கதை பெருசு, வேணாம். தெருவுல சொன்னதும் ஏழு வீடு முன்வந்தது. முதல் பக்கத்துக்கு ஒரே சண்டை. "எனக்குப் படம் போட்ட பக்கம்தான் வேணும்"னா குப்பம்மாள். பஞ்சாட்சரம் கடைசிப் பக்கம் கேட்டான், "கடைசியாப் படிக்கறதுதான் மனசுல நிக்கும்"னு. எல்லாருக்கும் ஒரே கண்டிஷன்: பேர் வராட்டி பணம் வாபஸ்.

தமயந்தி அழுதுட்டா. "நைனா, இதுல உபயம்லாம் போடமாட்டாங்க, மானம் போவுது!"

"எழுதிக் கேளும்மா. கேட்டா அடிக்கவா வரப்போறான்?"

நேத்து பதில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பேர் போடற வழக்கம் இல்லையாம். ஆனா முடிவுல நன்றின்னு சொல்லி ஏழு பேரையும் அச்சடிச்சுட்டாங்களாம்! பட்டம் நிச்சயம்னு அவ வாத்தியாரும் சொல்லிட்டாரு. நம்ம குப்பம்மாள் அமெரிக்கா வரைக்கும் போயிட்டா பாவா! தெருவுல மேளம் வெச்சோம். உங்க பேரு அதுல இல்ல. மோருக்கெல்லாம் போட மாட்டாங்களாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கடை நாளொரு மேனியாய் வளரட்டும்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பின்குறிப்பு: கடுதாசிய ஒட்டறதுக்குள்ள தமயந்தி வந்து ஒண்ணு சொல்றா. காசு கட்டி அச்சடிச்சாலும், அந்தப் புத்தகத்தைப் படிக்கணும்னா தனியா காசு குடுத்து வாங்கணுமாம். அவ காலேஜுலயே வாங்கறதில்லையாம். கண்ணால பாத்தாத்தான் நம்புவோம்னு ஏழு வீடும் ஒத்தக்கால்ல நிக்குது. புத்தகம் வாங்கற காசுக்கு சனிக்கிழமை கடைக்கு வரேன். பாவா, அட்டையோட உபயத்தை இன்னும் யாருக்கும் குடுக்கல.